பாதி தூரம்

2000ஆம் ஆண்டு சிட்னியில் காசம் கானும் இந்தர்பால் சிங்கும் ஒரு படகில் ஏறினார்கள். ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டியில் இந்தியா முதன்முதலாக இறங்கியது அப்போதுதான். அதற்குப் பிறகு ஒரு ஒலிம்பிக்கைக்கூட நாம் விடவில்லை. ஏதென்ஸுக்குப் பவுலோஸ், பெய்ஜிங்குக்கு பஜ்ரங் லால் தாக்கர், லண்டனுக்கு ஸ்வரண் சிங், ரியோவுக்கு தத்து போகனல், டோக்கியோவுக்கு அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும், பாரிஸுக்கு பல்ராஜ் பன்வார் என்று யாராவது போய்க்கொண்டே இருந்தார்கள். இன்னும் சில பெயர்களும் உண்டு. ஏழு ஒலிம்பிக், கால் நூற்றாண்டு. இத்தனை பெயர்களில் ஒரு பெண்ணின் பெயர் இல்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "நம் பெண்களுக்கு அந்த உடல்வாகு இல்லை" என்பது. அல்லது, "நம் வீடுகளில் பெண்பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவார்களா?" என்பது. இரண்டுமே பொருந்தாத பதில்கள் என்பதற்கு தத்து போகனலின் வாழ்க்கையே சாட்சி. நாசிக் மாவட்டத்தில் வறட்சிக்குப் பேர்போன ஓர் ஊர் அவருடையது. கிணறு வெட்டிப் பிழைத்த குடும்பம். குடிக்கவே தண்ணீர் கிடைக்காத ஊரில் வளர்ந்த அந்த இளைஞருக்குத் தண்ணீரைக் கண்டால் பயமாம். 2012இல் ராணுவத்தில் சேர்ந்தார். புனேயில் ராணுவத்தின் துடுப்புப் பயிற்சி மையம் அவரைக் கையில் எடுத்தது. நான்கே ஆண்டுகளில் ரியோவில், உலகத்தின் தேர்ந்த வீரர்களுக்கு நடுவே, பதின்மூன்றாவது இடம். பரம்பரையாகப் படகு ஓட்டிய குடும்பம் இல்லை, ஊரில் ஆறு இல்லை, ஆசை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று: ஆளைத் தேர்ந்தெடுத்து, சோறு போட்டு, சம்பளம் கொடுத்து, படகு கொடுத்து, காலையும் மாலையும் தண்ணீரில் இறக்கிவிட்ட ஒரு நிறுவனம். நம் நாட்டில் துடுப்பு விளையாட்டைத் தூக்கி நிறுத்தியது பெரும்பாலும் ராணுவம்தான். அந்த ராணுவத்தில் சிப்பாய் நிலையில் பெண்ணுக்கு இடமே இல்லாமல் இருந்தது. ராணுவ போலீஸ் பிரிவில் முதல் பெண் சிப்பாய்கள் 83 பேர் பயிற்சி முடித்து வெளிவந்தது 2021இல், நான் வாழும் பெங்களூரில்.

யாரும் பெண்களைத் தள்ளி வைக்க வேண்டும் என்று உட்கார்ந்து தீர்மானம் போடவில்லை. பாதை ஆணுக்கு மட்டும் போடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அநீதி நடப்பதற்கு எப்போதும் ஒரு கெட்டவன் தேவைப்படுவதில்லை.

பெங்களூரில் என் இடம் பீன்யா தொழிற்பேட்டைப் பகுதி. ஆறும் இல்லை, படகும் இல்லை. லேத்தும் பிரஸ்ஸும் பவுடர் கோட்டிங்கும் தையல் ஆலைகளும் நிறைந்த இடம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நம் ஜனங்கள் ராஜகோபாலநகரிலும் லக்கெரேயிலும் ஹெக்கனஹள்ளியிலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். இங்கிருந்துகொண்டு துடுப்பைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு விஷயம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. கதவைத் திறந்துவிட்ட பிறகும் சமத்துவம் வருவதில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. துடுப்புப் போட்டியில் அந்தப் பாதியை மீட்டரில் அளந்து காட்டலாம். அதே பாதி என் தெருவிலும் இருக்கிறது. அளக்கத்தான் யாரும் இல்லை.

ஒலிம்பிக்கில் ஆண்கள் துடுப்புப் போட்டியில் இறங்கியது 1900 முதல். பெண்களுக்கு இடம் கிடைத்தது 1976இல், மான்ட்ரியலில். எழுபத்தாறு ஆண்டு காத்திருந்து கிடைத்த அந்த இடத்தில் ஆண்களுக்கு 2000 மீட்டர், பெண்களுக்கு 1000 மீட்டர் என்று வைத்தார்கள். அதே ஏரி, அதே படகு, அதே துடுப்பு. தூரம் மட்டும் பாதி. பெண்ணின் உடல் அதற்குமேல் தாங்காது என்ற கரிசனமே காரணமாகச் சொல்லப்பட்டது.

கரிசனம் என்ன செய்தது என்று பாருங்கள். எட்டுப் பேர் துடுப்பு போடும் படகு ஆயிரம் மீட்டரை மூன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். அது கிட்டத்தட்ட ஒரே மூச்சு ஓட்டம். முரட்டு பலம் இருந்தால் போதும். இரண்டாயிரம் மீட்டர் வேறு வகை. முதல் ஐந்நூறு மீட்டரில் வேகம் பிடிக்க வேண்டும், இரண்டாவதில் அதை நிதானப்படுத்த வேண்டும், மூன்றாவது ஐந்நூறில் தொடை எரியும், மூச்சு முட்டும், மனம் விட்டுவிடச் சொல்லும். அந்த மூன்றாவது ஐந்நூறில்தான் பந்தயம் தீர்மானமாகிறது என்று துடுப்புக்காரர்கள் சொல்வார்கள். பெண்களுக்கு அந்த மூன்றாவது ஐந்நூறே கொடுக்கப்படவில்லை. ஆயிரம் மீட்டருக்கென்றே பயிற்சி பெற்ற பெண்களைப் பார்த்து, "இவர்களுக்கு வேகம் இருக்கிறது, தாக்குப்பிடிக்கும் சக்தி இல்லை" என்று பேசினார்கள். வாய்ப்பைக் குறைத்துவிட்டு, குறைந்த வாய்ப்பில் விளைந்ததையே குறைபாட்டுக்குச் சான்றாகக் காட்டினார்கள். 1985இல் உலகச் சாம்பியன் போட்டியிலும், 1988இல் சோல் ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கும் 2000 மீட்டர் வந்தது. வந்த பிறகு யாரும் மயங்கி விழவில்லை, ஏரியும் வற்றவில்லை. தூரம் சமமானாலும் எண்ணிக்கை சமமாக டோக்கியோ வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 1976இல் ஆண்களுக்கு எட்டுப் போட்டி, பெண்களுக்கு ஆறு. டோக்கியோவில்தான் ஏழுக்கு ஏழு ஆனது.

இந்த ஏழுக்கு ஏழுதான் நம் ஊர் விளையாட்டு அமைப்புகளைக் கேள்வி கேட்க வைக்க வேண்டும். உலகம் பதக்கங்களில் சரிபாதியைப் பெண்களுக்கு வைத்துவிட்டது. 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் ஒடிசாவின் பிரதிமா புஹானாவும் பிரமிளா பிரவா மின்ஸும் இருவர் படகில் வெண்கலம் வாங்கினார்கள். அதை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் துடுப்பில் ஐந்து பதக்கம். ஐந்தும் ஆண்கள் வாங்கியவை. நடுவில் போன பதின்மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? கட்டக்கின் ஜகத்பூரிலும் ஆலப்புழையிலும் போபாலிலும் பெண்பிள்ளைகள் விடியற்காலையில் தண்ணீரில் இறங்கத்தான் செய்கிறார்கள். புனேயின் ராணுவ மையம் ஒரு சிப்பாய்க்குக் கொடுப்பதை, அதாவது சம்பளமும் வேலையும் கவலையில்லாத பத்து வருடமும், அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? துடுப்பு வீரர் கனிய இருபத்தைந்து இருபத்தாறு வயதாகும். நம் வீடுகளில் அந்த வயதுக்குள் பெண்ணுக்கு என்னவெல்லாம் முடிந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

பாதியில் நிற்பதற்கு இன்னும் பல வடிவங்கள் உண்டு. ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே ஆண்கள் படகுப் பந்தயம் 1829இல் தொடங்கியது. பெண்கள் 1927இல் முதன்முதலாக இறங்கியபோது பக்கத்துப் பக்கமாகப் போட்டிபோட அனுமதி இல்லை. ஒரு குழு போய் வந்த பிறகு இன்னொரு குழு போக வேண்டும். நேரத்தோடு நேர்த்திக்கும் மதிப்பெண் போட்டார்கள். வியர்வையோடு முட்டி மோதி வெல்வது பெண்ணுக்கு அழகில்லையாம், நளினமாகத் துடுப்பு போட்டால் போதுமாம். அன்றைக்குக் கரையில் நின்று கேலி பேசிய கூட்டமும் இருந்தது.

1976 மார்ச் 3 அன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நம் பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித் தர வேண்டும். அங்கே ஆண்கள் குழுவும் பெண்கள் குழுவும் ஒரே ஆற்றில் பயிற்சி செய்தன. படகுத்துறையில் ஆண்களுக்குக் குளிக்க வெந்நீர் உண்டு. பெண்களுக்கு இல்லை. குளிர்காலத்தில் நனைந்த உடையோடு, ஆண்கள் குளித்து முடித்து வரும்வரை பெண்கள் பேருந்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் பத்தொன்பது பெண்கள் உடற்பயிற்சித் துறை அதிகாரியின் அறைக்குள் போய், மேலாடையைக் கழற்றி நின்றார்கள். கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவின் பெயரை முதுகிலும் மார்பிலும் எழுதியிருந்தார்கள். நீங்கள் சுரண்டுவது இந்த உடல்களைத்தான் என்று சொல்லும் அறிக்கையை எர்ன்ஸ்ட் படித்தார். நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது. வெந்நீர் வந்தது. அந்தக் குழுவின் எர்ன்ஸ்டும் ஆன் வார்னரும் அதே ஆண்டு மான்ட்ரியலுக்குப் போனார்கள். வார்னர் எட்டுப் பேர் படகில் வெண்கலத்தோடு திரும்பினார். படகில் இடம் கொடுத்தாயிற்று, துடுப்பும் கொடுத்தாயிற்று, குளிக்க வெந்நீர் மட்டும் கொடுக்கவில்லை. வெந்நீருக்காக ஒரு பெண் இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்றால், அவள் கேட்டது வெந்நீரை மட்டும் இல்லை என்பது விளங்கும்.

முன்பு சொன்ன ஆக்ஸ்போர்டு–கேம்பிரிட்ஜ் பந்தயத்தில், 1981இல் சூ பிரவுன் என்ற பெண் ஆக்ஸ்போர்டு ஆண்கள் படகுக்குச் சுக்கான் பிடித்தார். துடுப்பு போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பவர் சுக்கான்காரர் ஒருவரே. எட்டு ஆண்களும் ஏறக்குறைய நாலேகால் மைல் தூரம் ஒரு பெண்ணின் குரலை நம்பித் துடுப்பு போட்டார்கள், வென்றார்கள். அடுத்த ஆண்டும் அவரே பிடித்தார், அப்போதும் வெற்றி. ஆனால் பெண்கள் அணிக்கு அதே தேம்ஸில், அதே நாளில், அதே தூரம் கிடைத்தது 2015 ஏப்ரலில்தான். அதுவரை வேறொரு நாளில், வேறோர் இடத்தில், இரண்டாயிரம் மீட்டர். "மரபு கெட்டுவிடும்" என்று பயந்தவர்கள் அந்த நாளைப் பார்த்திருப்பார்கள். கரையெங்கும் கூட்டம், பந்தயத்தின் மதிப்பில் ஒரு துளியும் குறையவில்லை.

இப்போது நமக்கு அருகில் இருக்கும் தண்ணீருக்கு வருகிறேன். இதைப் பேசுவது எளிதில்லை. ஐரோப்பாவில் மரபு என்றால் மனமகிழ் மன்றத்தின் வழக்கம். நமக்கு மரபு என்றால் அதற்குள் தெய்வம் இருக்கிறது.

ஆலப்புழையின் நேரு கோப்பையை எல்லோரும் அறிவோம். 1952இல் நேரு வந்தபோது அவருக்காக வள்ளங்களை ஓட்டிக் காட்டினார்கள். உற்சாகத்தில் அவர் நடுபாகம் சுண்டன் வள்ளத்தில் ஏறிக்கொண்டார், பின்னர் வெள்ளிக் கோப்பை ஒன்றை அனுப்பிவைத்தார். நூறடிக்கு மேல் நீளமான சுண்டன் வள்ளத்தில் நூறு பேர் அளவுக்கு அமர்ந்து, ஒரே தாளத்தில் துடுப்பைக் குத்தி எழுப்பும்போது புன்னமடைக் காயலே அதிரும். கோப்பைக்கான அந்த வள்ளங்களை ஓட்டுவது ஆண்கள். பெண்களுக்குத் தெக்கனோடி என்ற சிறிய வகை வள்ளங்களில் தனிப் போட்டி. ஒரே நாள், ஒரே காயல், சின்ன வள்ளம், சின்னக் கைத்தட்டல். இந்தப் போட்டியை நடத்தும் சங்கத்துக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். அந்த நாற்காலியில் பெண்களும் அமர்ந்திருக்கிறார்கள். போட்டியையே நடத்த முடிகிற பெண்ணின் இனத்துக்குச் சுண்டனின் அமரத்தில் இடமில்லை என்பதை எந்த நியாயத்தில் வைப்பது? அரசு நடத்துகிற, மக்கள் பணம் செலவாகிற பந்தயத்தில் தாமதத்துக்குச் சமாதானமே கிடையாது. பெண்களுக்குச் சுண்டன் போட்டி ஒன்று வைக்க எந்தச் சாஸ்திரமும் குறுக்கே நிற்கவில்லை.

ஆரன்முளா வேறு. பம்பையாற்றில் ஓணத்தை ஒட்டிய உத்திரட்டாதி நாளில் பார்த்தசாரதி கோயிலுக்காக ஓடும் பள்ளியோடங்கள் பந்தயப் படகுகள் மட்டும் அல்ல. கரை என்று அழைக்கப்படும் ஐம்பத்திரண்டு ஆற்றங்கரை ஊர்களின் மக்கள் அவற்றைப் பகவானின் உடைமையாக வைத்துப் போற்றுகிறார்கள். ஏறுகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள், செருப்போடு யாரும் ஏறுவதில்லை, வெல்வதைவிட வஞ்சிப்பாட்டு என்னும் படகுப் பாட்டைச் சேர்ந்து பாடி ஓட்டுவதே பெரிதாக இருக்கிறது. அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். ஒரு பொருளைப் புனிதமாக வைத்து, அதன் முன்னால் தன் அவசரத்தைக் கழற்றிவைக்கத் தெரிந்த ஜனங்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெண்கள் பள்ளியோடத்தில் ஏறக்கூடாது என்பதும் அந்த வழக்கத்தின் பகுதியாகவே இருந்துவருகிறது.

2021இல் ஒரு நடிகை பள்ளியோடத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார். காலில் செருப்பு இருந்தது என்றும், பெண் ஏறிவிட்டார் என்றும் இரண்டு புகார் எழுந்தது. போலீஸ் கைதுசெய்து ஜாமீனில் விட்டது. இரண்டையும் ஒரே புகாராகக் கட்டியதில்தான் தவறு இருக்கிறது என்று நினைக்கிறேன். செருப்போடு ஏறியது ஒரு செயல். ஆண் ஏறினாலும் தவறு. கழற்றிவிட்டால் தவறு நீங்கிவிடும், மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும். பெண்ணாக இருப்பது செயல் இல்லை. அதைக் கழற்றிவைக்க முடியாது, அதற்கு மன்னிப்புக் கேட்கவும் முடியாது. செயலை வைத்துச் சிலரை விலக்கும் ஒழுக்கம் எல்லோரையும் ஒழுங்குபடுத்தும். பிறப்பை வைத்து விலக்குவது அந்த விரதத்தின் பெருமையையே குறைக்கிறது. ஏனென்றால் விரதம் என்பது முயன்று அடைவது. முயன்றாலும் அடைய முடியாது என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டால், முயற்சிக்கு அங்கே மதிப்பு எங்கே இருக்கிறது?

விரதம் இருப்பவனின் வீட்டைப் பாருங்கள். அவனுக்கு முன்னால் எழுந்து குளித்து, மரக்கறி சமைத்து, வீட்டைத் துப்புரவாக வைத்து, அவன் விரதத்தைத் தூக்கிச் சுமப்பவள் யார்? வஞ்சிப்பாட்டுகளில் பெயர்பெற்ற ராமபுரத்து வாரியரின் குசேலவிருத்தம், வறுமையில் வாடும் மனைவி சொன்னதைக் கேட்டுக் குசேலர் கண்ணனைத் தேடிப் போகும் கதை. அவள் சொல்லியிராவிட்டால் அந்தப் பயணமே இல்லை. ஆரன்முளாவில் மாற்றம் வெளியிலிருந்து திணிக்கப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கரைகளின் வீடுகளுக்குள்ளிருந்து, விரதத்தைச் சமைத்துப் போட்டே பழகிய பெண்களின் வாயிலிருந்து அது வர வேண்டும். வரும்போது அதைத் தடுக்கப் போலீஸைக் கூப்பிடாமல் இருக்கும் பெரிய மனது ஆண்களுக்கு வேண்டும்.

தமிழ்க் கரைக்கும் இதே கதைதான். பெண் ஏறினால் படகுக்கு ஆகாது என்று சொல்லும் மீனவக் குப்பங்கள் நம் கடற்கரையில் உண்டு. அதே கடற்கரையில், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில், பெண்கள் படகில் தீவுகளுக்குப் போய், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. சோறு தேடும்போது படகுக்கு ஆகும் பெண், கொடியும் மாலையும் கட்டிய நாளில் மட்டும் ஆகாமல் போகிறாள். வேலைக்கு வரும்போது எந்த மரபும் அவளைத் தடுப்பதில்லை. மரியாதைக்கு வரும்போதுதான் தடுக்கிறது. எதிர்மாறான உதாரணத்தையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய சென்னை–கொழும்பு படகுப் பந்தயத்தில் இன்று ஆண்களுக்குத் தீபம் கோப்பை, பெண்களுக்கு அடையாறு கோப்பை என்று இரண்டும் அதே பந்தயத்தில் வைக்கப்படுகின்றன. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட மன்றங்கள் அவை. அவற்றின் வழக்கமே மாறியிருக்கிறது.

பீன்யாவுக்குத் திரும்புகிறேன். அதற்கு முன் படகைப் பற்றி ஒரு விஷயம். துடுப்புப் படகில் காலணிகள் படகோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். ஆண்களின் அளவுக்குச் செய்த படகில் ஒல்லியான பெண்கள் ஏறினால் படகு போதிய அளவு தண்ணீரில் அமிழாது, காற்று இழுக்கும், துடுப்பின் பிடி நெஞ்சுக்கு மேலான உயரத்தில் நிற்கும், கால் காலணிக்குள் ஆடும். பெண்களுக்கென்று அளவெடுத்த படகு கிடைக்கும்வரை அவர்களுடைய நேரத்தை ஆண்களின் நேரத்தோடு ஒப்பிடுவதே நியாயமில்லை. இங்கே ஒரு பிரஸ் ஷாப்பில், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண் ஒருவர் சேஃப்டி ஷூவுக்குள் பழைய துணியைத் திணித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கடையில் இருக்கும் மிகச் சிறிய அளவே அவருக்கு இரண்டு விரல் பெரிது. "ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாப் போயிடும் சார். கையுறைதான் கஷ்டம், விரல் நுனி மடங்கிக்கிட்டு டையில மாட்டப் பாக்குது" என்றார். மடங்கிய அந்தக் கையுறை நுனி ஒருநாள் அச்சுக்குள் சிக்கினால், "பொம்பளைங்களுக்கு மெஷின் ஒத்துவராது" என்றுதான் பேசுவார்கள். கையுறையின் அளவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மூன்றாவது ஐந்நூறு மீட்டரைக் கொடுக்காமல் தாக்குப்பிடிக்கும் சக்தி இல்லை என்றது இதைப் போன்றதே.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. அதுவும் கரிசனம்தான். இரவு ஷிஃப்ட்டுக்குக் கூடுதல் படி உண்டு. பெரிய மெஷின்கள் மூன்று ஷிஃப்ட்டும் ஓடும். அந்த மெஷினைக் கற்றுக்கொள்ள மூன்று ஷிஃப்ட்டுக்கும் வர முடிகிறவனைத்தான் முதலாளி எடுப்பான். பெண் பகல் ஹெல்பராகவே இருந்துவிடுவாள். அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. கர்நாடகத்தில் 2019இல் நிபந்தனைகளோடு இரவு வேலைக்கு அனுமதி வந்தது. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து ஒரு பெண் பத்திரமாக வீடு போக விளக்கும் வண்டியும் வேண்டும். அதைக் கொடுக்காமல் அனுமதியை மட்டும் கொடுப்பது மறுபடியும் ஆயிரம் மீட்டர். பெண்களை இரவில் வைத்து வேலை வாங்குவதற்கு மட்டும் சமத்துவம் பேசுகிற முதலாளிகளையும் நான் அறிவேன், அது வேறு விதமான அநியாயம்.

ஆலைகளில் ஆண்டு விழா நடக்கும்போது கவனியுங்கள். ஆண்களுக்குக் கிரிக்கெட், வாலிபால், கயிறு இழுத்தல். பெண்களுக்குக் கோலம், மியூசிக்கல் சேர், கரண்டியில் எலுமிச்சம்பழம். பகல் முழுதும் நின்றுகொண்டே தையல் மெஷினுக்கு மூட்டை மூட்டையாகத் துணி சுமக்கிற கைகள் அவை. அந்தக் கைகளுக்குக் கரண்டியும் எலுமிச்சம்பழமும் போதும் என்று தீர்மானித்தவர்கள் அவர்களை ஒருபோதும் பார்த்ததில்லை.

துடுப்பில் இறங்க வேண்டும் என்றால் முதலில் நீந்தத் தெரிய வேண்டும். எல்லாத் தடையும் அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் பகுதியிலிருந்து ஒரு பஸ் மாறிப் போனால் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் மத்தியானம் ஒரு மணி நேரம். பள்ளிக்குப் போகும் பிள்ளையால் அந்நேரத்தில் வர முடியாது, ஆலைக்குப் போகும் தாயாலும் கூட்டிவர முடியாது. நேரம் ஒதுக்கியிருக்கிறோமே, யாரும் வருவதில்லை என்று கணக்குக் காட்ட மட்டும் அது உதவும். லக்கெரேயில் சில தாய்மார்கள் சேர்ந்து, ஞாயிறு காலையிலாவது பெண்பிள்ளைகளுக்கு நேரம் கொடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தார்கள். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தது அவர்களில் ஒருவருடைய மகள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள். பதில் வரவில்லை. போன வாரம் இரண்டாவது மனு எழுதியிருக்கிறார்கள். அதில் இம்முறை தகப்பன்மார்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.